மிஸ்திரிக்கு ஓர் இடம்

டெல்லியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் கல்லறையைப் பார்த்துப் பயமே வராது. கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே ஒன்று இருந்தது. எந்த சுல்தானுக்கு மந்திரியாக இருந்தவரோ, பெயர் எனக்கு ஒருநாளும் மனதில் நின்றதில்லை. உயரமான கல் மேடை, மூலைக்கு ஒன்றாகச் சிறு மண்டபங்கள், நடுவில் சமாதி. பிள்ளைகள் அதன் மேல் கிரிக்கெட் ஆடுவார்கள். குளிர்காலத்தில் நாங்கள் பெண்கள் அங்கே போய் வெயில் காய்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுவோம். கோடை வந்தால் நான் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்துவிடுவேன். அந்தக் கல்லுக்கு ஏறுகிற சூடு எந்த மொட்டை மாடிக்கும் ஏறாது. சாயங்காலத்துக்குள் வடாம் சலசலவென்று காய்ந்துவிடும்.

அப்படி ஒரு சித்திரை மாதக் காலையில்தான் எங்கள் வீட்டில் வேலை செய்த மிஸ்திரியம்மாவை நான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன்பும் ஒரு வருஷமாக வந்துகொண்டுதான் இருந்தாள். பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். அன்று வடாம் மாவுத் தூக்கை அவளிடம் கொடுத்துக் கூட்டிப் போனேன். மேடைப் படியருகே வந்ததும் செருப்பைக் கழற்றினாள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது மேலயாம்மா காயப் போடுவீங்க?" என்று கேட்டாள்.

யாரோ செத்துப் பல நூறு வருஷம் ஆகிறது, அவர் ஒன்றும் வடாமுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனேன். அவள் ஏறவில்லை. கீழே நின்றபடியே தூக்கை நீட்டினாள், கீழே நின்றபடியே வாங்கிக்கொண்டாள். வேலைக்காரிக்கு இத்தனை ஆசாரமா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வரிசையில் எல்லோரும் மிஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டோம். டெல்லியில் கொத்தனாரை மிஸ்திரி என்பார்கள். அவள் புருஷன் நல்ல வேலைக்காரன் என்று பெயரெடுத்த மிஸ்திரி. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ரயில் பாதையோரத்து ஜுக்கிக் குடிசை ஒன்றில் இருந்தார்கள். பிள்ளை குட்டி கிடையாது. அவள் அதிகம் பேச மாட்டாள். என் வாய் ஓயாது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

என் கணவரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். மத்திய அரசில் அசிஸ்டெண்ட் வேலை, ஆனால் மனுஷருக்குச் சரித்திரப் பைத்தியம். மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சினிமாவுக்கோ போவார்கள். எங்களை இவர் செத்துப் போனவர்களைப் பார்க்கக் கூட்டிப் போவார். டெல்லிக்குத்தான் அதில் குறைவே இல்லையே. பிளாஸ்க்கில் காப்பி, டிபன் கேரியரில் புளியோதரை, ஏதாவது ஒரு கல்லறையின் நிழல். நான் பார்க்காத சமாதி பாக்கி உண்டா என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

ஒரு ஞாயிறு காஷ்மீரி கேட்டுக்கு வெளியே இருக்கிற பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சிப்பாய்க் கலகத்தில் டெல்லியைப் பிடிக்க வந்து குண்டடிபட்டுச் செத்த வெள்ளைக்கார ஜெனரல் அங்கே இருக்கிறாராம். வாசலிலேயே நான் தகராறு செய்தேன். அங்கே இன்னும் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஓரத்தில் புது மண் கூடத் தெரிந்தது. சுமங்கலி நான் எப்படி உள்ளே வருவது என்று கேட்டேன். லோதி தோட்டத்துச் சமாதியில் சாய்ந்துகொண்டு புளியோதரை சாப்பிட்டபோது இந்தச் சாஸ்திரம் எங்கே போயிருந்தது என்று இவர் கேட்டார். உள்ளே போனேன். வந்ததும் தலைக்குக் குளித்தேன். அந்தத் தோட்டம் அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததிலிருந்தே மிஸ்திரி படுத்த படுக்கை. இருமல் வெகு நாளாகவே உண்டு. கல்லும் சிமெண்டும் தின்ற நெஞ்சு. அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

தீபாவளி கழிந்து ஒரு நாள், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போகாமல் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்காருகிறவள் இல்லை. பணம் கேட்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"அம்மா, டெல்லியில பொதைக்கிற எடம் எங்கம்மா இருக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெள்ள மெள்ளச் சொன்னாள். அவர்கள் ஆட்களில் எரிக்கிற வழக்கமே இல்லை. ஊர் ஏரிக்கரையில் அவன் அப்பன், பாட்டன், சின்ன வயசில் செத்த தங்கை எல்லோரும் வரிசையாக மண்ணில் இருக்கிறார்கள். மறுநாள் போய்ப் பால் ஊற்றுவார்கள். வருஷா வருஷம் தை மாதத்தில் அந்த இடத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்து, செத்தவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் உடம்பை ஊருக்குக் கொண்டுபோக அவர்களால் ஆகாது. உயிரோடு கொண்டுபோவதும் இனி நடக்காது. அவனால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

அவன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறான். நெருப்பில் மட்டும் போட்டுவிடாதே என்று. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது, மிஸ்திரிதான் மற்றவர்களோடு சேர்ந்து யமுனைக் கரையில் கொண்டுபோய் எரித்திருக்கிறான். மறுநாள் காலை எலும்பு பொறுக்கப் போனால், அதே மேடையில் வேறொருவர் எரிந்துகொண்டிருந்தார். கூட்டாளி கிடந்த இடம் எது என்று கையைக் காட்டக் கூட முடியவில்லை. நான் கட்டின வீடெல்லாம் நிற்குது, எனக்கு நிற்க இடம் வேணாமா என்று அவளிடம் கேட்டானாம்.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. காஷ்மீரி கேட்டில் இடம் இருக்கிறது, வா, நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிகிறது. எரிக்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு எரிப்பது ஒன்று, புதைப்பது ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. புதைக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மண் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை சமாதியில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு இடத்தில் கூட என்னை நீ யார் என்று யாரும் கேட்டதில்லை. இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இவர் அப்போது அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார்.

மறுநாளே பஸ் ஏறிப் போனோம். கேட்டருகே அவள் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஒரு செடியடியில் வைத்தாள். முள் குத்தும், போட்டுக்கொள் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்த்திகைப் பனியில் புல் நனைந்திருந்தது. மரத்துக்கு மரம் குரங்கு. சிலுவைகள் சாய்ந்தும் உடைந்தும் கிடந்தன. கொடிகள் ஏறிப் பாதிக் கற்களில் எழுத்தே தெரியவில்லை.

ஒவ்வொரு கல்லாக நின்று, இவர் யார் என்று கேட்டாள். நான் இங்கிலீஷில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னேன். இரும்புக் கம்பி வேலிக்குள் பளிங்குப் பலகையின் கீழ் ஜெனரல். காலராவில் ஊர் முழுக்கச் சாகும்போது ஓடாமல் இருந்து வைத்தியம் செய்து, கடைசியில் தானும் காலராவிலேயே போன ஒரு டாக்டர். ரயில் பாதை போட வந்த இன்ஜினியர். பையன்கள் சேர்ந்து கல் வைத்த ஒரு ஹெட்மாஸ்டர். பின் சுவரோரத்தில் சின்னச் சின்னக் கற்களாக ஒரு வரிசை, எல்லாம் கைக்குழந்தைகள். அந்த இடத்தில் அவள் வெகு நேரம் நின்றாள். சுவருக்குப் பக்கத்தில் ஒரு வேப்ப மரம் இருந்தது.

"இவங்க ஆளுங்கல்லாம் வராங்களாம்மா?"

அவர்கள் எல்லாம் சீமைக்குப் போய் எத்தனையோ காலமாகிறது, யார் வரப் போகிறார்கள் என்றேன்.

"அப்ப யாரு பால் ஊத்தறது?"

அவர்களுக்குப் பால் ஊற்றுகிற வழக்கம் இல்லை என்று சொன்னேன். அவளுக்கு அது சமாதானமாகவில்லை. குழந்தைகளின் கல் ஒன்றில் கிடந்த சருகைக் குனிந்து எடுத்துப் போட்டாள்.

பொறுப்பாளர் ஒரு சின்ன அறையில் இருந்தார். வயதானவர், நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். எந்தச் சர்ச் என்று கேட்டார். சர்ச் கிடையாது, இவர்கள் ஹிந்துக்கள், ஆனால் புதைக்கிற ஹிந்துக்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படி ஒரு வகை ஹிந்துக்கள் உண்டு என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு நிதானமாக விளக்கினார். சபையில் பெயர் இருக்க வேண்டும், பாதிரியார் எழுதித் தர வேண்டும். அவர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளே எழுந்துகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததை என் குடும்பத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆசை காட்டி அழைத்துப் போனேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் விசாரித்தோம். இவர் ஊரிலிருந்து வந்ததும் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். முஸ்லிம்களின் கபர்ஸ்தானிலும் அதே பதில்தான், அவரவர் மண் அவரவருக்கு. யமுனைக் கரையில் இருந்தவர், பல் முளைக்காத குழந்தை என்றால் மண்ணில் வைப்போம், பெரிய ஆளை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இத்தனை பேருக்கு இத்தனை பெரிய கல்லறைகளாகக் கட்டி வைத்திருக்கிற ஊரில் ஒரு கொத்தனாரைப் படுக்க வைக்க இடமில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மார்கழிக் குளிரில் மிஸ்திரி போய்விட்டான். ஜுக்கி ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் ஊர் வழக்கப்படியே யமுனைக் கரையில் எரித்தார்கள். ஊர் என்று நான் சொல்வது டெல்லியைத்தான். நானும் இவரும் போய் ஜுக்கியில் அவளைப் பார்த்தோம். அழவில்லை. சுவரில் அவனுடைய கொத்தனார் கரண்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வந்ததும் தெரிந்ததோ இல்லையோ.

கருமாதி முடிந்து வேலைக்கு வந்தாள். நான் வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்த்து முடித்துவிட்டு, அதே நிலைப்படியில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். துணிக்குள் துணி. அதற்குள் விரல் நுனி அளவுக்கு வெளுத்த ஒரு துண்டு. எலும்பு என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

என்னையறியாமல் இரண்டடி பின்னால் போனேன். அடுப்பில் பால் இருந்தது, ஸ்வாமி படம் இருந்தது. இதையா அடுக்களையில் கொண்டு வந்து வைக்கிறாய் என்று கத்திவிட்டேன். அவள் முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. எலும்பையெல்லாம் ஆற்றில் விடச் சொன்னார்கள், விட்டுவிட்டோம், இது ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டேன் என்றாள்.

"மண்ணுல வெக்கிறேன்னு சொல்லிட்டேம்மா. அந்தத் தோட்டத்துக்கு இன்னொரு தடவ கூட வரீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது எனக்கு என் அப்பா நினைவு வந்தார். அதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு கும்பகோணத்தில் காலமானார். தந்தி கிடைத்து, ரயில் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணா என்னைக் காவேரிப் படித்துறைக்கு அழைத்துப் போய், இங்கேதான் கரைத்தோம் என்று கையைக் காட்டினான். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. எங்கள் வழக்கம் அதுதான், அதில் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. ஆனால் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன், பொறாமைதான்.

இவரிடம் சொல்லவில்லை. சட்டம், விதி, ஒழுங்கு என்று ஆரம்பிப்பார். என் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாலை ஊற்றிக்கொண்டேன். துணிப்பையில் அவள் கரண்டியை எடுத்து வந்தாள், பாட்டிலும் அதிலேயே போயிற்று. தை பிறந்திருந்தது. பனி மூட்டம் விலகாத காலை, ரோடே தெரியவில்லை, பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது.

தோட்டத்தில் காவலுக்கு ஒரு சௌகிதார் உண்டு. பழைய மிலிட்டரி ஓவர்கோட்டும் மப்ளருமாக ஒரு கிழவர். முதல் தடவை போனபோது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர், அன்று பார்த்துச் சரியாகக் கேட்டருகே நின்றார். என்ன வேண்டும் என்றார். ஜெனரலைப் பார்க்க வந்தோம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அந்தக் குளிரில் அவரிடம் கதை கேட்க வந்தவள் நான் ஒருத்திதான். மிஸ்திரியம்மாவைக் காட்டி, என்னோடு வந்தவள், அவளுக்குப் படிக்கத் தெரியாது, சும்மா மரத்தடியில் உட்காரட்டும் என்றேன். அவள் சுவரோரமாக நடந்துபோனாள்.

பிறகு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஜெனரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்தச் சந்தில் சுடப்பட்டார், உயிர் போக எத்தனை நாளாயிற்று, எல்லாம் கேட்டேன். சௌகிதார் கையை வீசிச் சண்டையே போட்டுக் காட்டினார். ஜெனரல் முடிந்து டாக்டர். டாக்டர் முடிந்து இன்ஜினியர். இன்ஜினியர் சீக்கிரம் முடிந்துவிட்டார். அடுத்தது குழந்தைகள் பக்கம் போகலாம் என்று திரும்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாபாஜி, டாக்டர் கதை எனக்குச் சரியாகப் புரியவில்லை, என் ஹிந்தி கொஞ்சம் மட்டம், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று மறுபடி டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனேன். அவர் சளைக்காமல் சொன்னார். காலரா வந்தபோது பெரிய பெரிய துரைகளெல்லாம் ஓடிப்போனார்கள், இவர் மட்டும் ஓடவில்லை என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

வேப்ப மரத்தடியில் அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். பள்ளம் தோண்டி முடித்து மண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடின பிறகு கரண்டியைத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தால் மண்ணைத் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். மிஸ்திரி தரை பூசி முடிக்கும்போது அப்படித்தான் செய்வானாயிருக்கும். ஓரம் பிசகாமல் நான்கு பக்கமும் இழுத்துவிட்டாள். எங்கிருந்தோ ஒரு பாதிச் செங்கல்லை எடுத்துத் தலைமாட்டில் நட்டாள். பாட்டிலைத் திறந்து பாலை ஊற்றினாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். என் கண்ணிலும் நீர் முட்டியது. டாக்டர் செத்ததற்கு ஒரு மதராசி அழுகிறாள் என்று நினைத்து சௌகிதார் மப்ளரால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கிட்வாய் நகர் வந்தும் எழுப்ப மனசு வரவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தே வந்தோம். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

அதற்கப்புறம் அவள் எங்களோடு வெகு காலம் இருக்கவில்லை. ஒரு நாள் லாரிகள் வந்தன. ரயில் பாதையோரத்து ஜுக்கிகளையெல்லாம் பிரித்து, ஆட்களை யமுனைக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். அங்கிருந்து வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், கட்டுப்படியாகாது. அடுப்பு, மண்ணெண்ணெய், இரண்டு போர்வை கொடுத்தேன். தோட்டத்துக்குப் போவாயா என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. அவளுக்குத் தலைக்கு மேல் கூரையே இல்லாதபோது அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவள் வரவில்லை. அந்தப் பொட்டலில் எந்தச் சந்து என்று எனக்கும் தெரியாது.

தை மாதம் வந்தால் நினைத்துக்கொள்வேன். போய்ப் பார்த்திருக்கலாம். பஸ் இருக்கிறது, வழி தெரியும். ஆனால் நான் போகவில்லை. செங்கல் விழுந்து, புல் மூடி, அங்கே ஒன்றுமே இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அவள் பிழைப்பைப் பார்ப்பாளா, பால் ஊற்றுவாளா. மறந்திருப்பாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஊருக்கே திரும்பிப் போயிருப்பாள் என்றும் நினைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் இவருக்கு ரிட்டயர்மெண்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போக வேண்டும். பெட்டி கட்டுகிற அமளியில் இவருடைய பால்ய நண்பர் ஒருவர் டெல்லி பார்க்க வந்து சேர்ந்தார். அவரும் சரித்திரப் பைத்தியம். இவருக்குக் கேட்க வேண்டுமா? கடைசியாக ஒரு சுற்று என்று புறப்பட்டார்கள். ஜெனரலைப் பார்க்கப் போகிறோம் என்று இவர் சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன். இவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

தோட்டத்தில் அதே சௌகிதார். பல் விழுந்து, கூன் விழுந்து, கோட்டு மட்டும் அப்படியே இருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கும் தலை நரைத்திருந்தது. இவர்கள் இருவரையும் பார்த்ததும் பழைய உற்சாகம் வந்துவிட்டது. ஜெனரல் சண்டையைக் கையை வீசிக் காட்டினார். டாக்டர் ஓடவில்லை என்றார். இன்ஜினியர், ஹெட்மாஸ்டர், எல்லாம் அதே வரிசை. நான் பின்னால் நடந்தேன். சுவர்ப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

ஹெட்மாஸ்டர் முடிந்ததும் சௌகிதார் கைத்தடியால் வேப்ப மரத்தைச் சுட்டிக் காட்டினார். "அங்கே ஒரு மதராசி மிஸ்திரி இருக்கிறார்" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே நடந்தார்.

நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்ட் பூசிய சின்னத் திட்டு. கரண்டியால் ஓரம் இழுத்து, மூலை பிசகாமல், அவ்வளவு சுத்தமான வேலை. தலைமாட்டில் அந்தப் பாதிச் செங்கல். பெயரில்லை, எழுத்தில்லை. புல் செதுக்கியிருந்தது.

நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெனரல்கள் இருக்கிற இடத்தில் மிஸ்திரியா, யார் அனுமதி கொடுத்தது, அவர் என்ன அவ்வளவு பெரிய ஆளா என்று கேட்டார்.

யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வி சௌகிதாரின் காதில் விழவில்லை போலிருந்தது. வருஷா வருஷம் குளிர்காலத்தில் அவர் சம்சாரம் யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவாள் என்றார். பால் கொண்டு வருவாள், மிஸ்திரிக்கு ஊற்றுவாள், மீதியை இந்தக் குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போவாள். முதல் தடவை வந்தபோது கூட ஒரு வாயாடி அம்மாவை அழைத்து வந்திருந்தாள், அந்த அம்மா என்னை டாக்டரைவிட்டு நகரவே விடவில்லை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு நண்பர் பக்கம் திரும்பினார்.

"பெரிய ஆள்தான் சாப். இத்தனை பேரில் ஆள் வருவது அவர் ஒருத்தருக்குத்தான்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் இவரிடம் சொல்லாத விஷயம் அது ஒன்றுதான். உனக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நம்ம மிஸ்திரி" என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேப்ப மரத்தை நோக்கி நடந்தேன்.